முத்துச் சிலுவையைத் தேடி நடந்த நாள்

அம்மா இறந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. முப்பதுகளின் தொடக்கம். கட்டுகஸ்தோட்டையில், மகாவலிப் பாலத்துக்குக் கண்டிப் பக்கமாக, ஆற்றின் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வாடகை வீடு இருந்தது. அப்பா கண்டி ரயில் நிலையத்துச் சரக்குக் கந்தோரில் கிளாக்கர். காலை ரயிலில் போவார், பொழுது சாயும் நேரத்து ரயிலில் திரும்புவார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச்சு முழுக்க அம்மாவுடையதாகவே இருந்தது. அவர் போனபிறகு பேச ஆளில்லை என்பதை நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கண்டுகொண்டோம். அதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு வந்தது நெருப்புக் காய்ச்சல், டைபாய்டு. பத்து நாள் வீட்டில் கிடந்தார். பிறகு கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொற்றிவிடும் என்று எங்களை அங்கே கூட்டிப்போகவில்லை. ஆறாம் நாள் அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்தார். அவர் அந்த நேரத்தில் வந்ததைப் பார்த்ததுமே அண்ணனுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அவன் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது.

அம்மாவின் முன்னோர் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள். அந்தப் பக்கத்திலிருந்து எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பொருள். ஐந்து முத்துப் பதித்த சின்னப் பொன் சிலுவை, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பெண்பிள்ளை முதல் நன்மை வாங்கும் நாளில், கோயிலில் முதன்முதலாக நற்கருணை பெறும் அன்று, அதை அணிவாள். பிறகு தன் மகளின் நாள் வரைக்கும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். அம்மாவுக்கு நான் ஒரே மகள். அந்த வருஷம் எனக்கு முதல் நன்மை என்று முடிவாகியிருந்தது. வெள்ளைச் சட்டையொன்றை அம்மா தன் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். இடுப்புப் பட்டியும் பாவாடைப் பகுதியும் முடிந்திருந்தன. கைகளுக்கு லேஸ் வைப்பதுதான் மிச்சம்.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் கொழும்பிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, பிள்ளையில்லாதவர். எங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தார், மனதார வந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. வந்த ஒரு வாரத்தில் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். சிலுவை இருந்த சின்னச் சந்தனப் பேழை அடியில் கிடந்தது. திறந்தால் பஞ்சு மட்டும்தான் இருந்தது.

அலுமாரி, மேசை லாச்சி, அரிசிப் பானை, புனிதர் சுருபங்கள் வைத்திருந்த பலகை எல்லாம் தேடினார்கள். பிறகு அத்தை என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அம்மா சுகமில்லாம கிடந்தப்ப இந்தப் பெட்டிய யாராவது திறந்தாங்களா?”

திறந்தது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக வேலைக்கு ஒரு பெண் இருந்தார். வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர், முப்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. நாங்கள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என் தலையை வாரிவிடுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள், அந்த அக்கா பெட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு எதையோ கையில் எடுத்ததை நான் கதவடியில் நின்று பார்த்திருந்தேன். அது மினுங்கியது. அம்மா கட்டிலிலிருந்து அதை வாங்கக் கையை நீட்டியதையும் பார்த்திருந்தேன்.

“அக்கா திறந்தாங்க. மினுங்குற சாமான் ஒண்ணு எடுத்தாங்க,” என்றேன்.

அத்தை என்னை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டார். “நல்ல பிள்ளை” என்று முதுகைத் தடவினார். அம்மா போனபின் யாரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை. அப்பா தொடமாட்டார். அண்ணன் வளர்ந்த பையன். அத்தையின் சேலையில் கற்பூர வாசம் இருந்தது. அந்த அணைப்பு விட்டுப்போகக் கூடாதென்று நான் அசையாமல் நின்றேன். அம்மா கையை நீட்டியதைச் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று பிற்காலத்தில் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது.

அன்று பின்னேரம் அத்தை அந்த அக்காவை முன் அறைக்குக் கூப்பிட்டார். நான் அத்தையின் பக்கத்தில் நின்றேன்.

“பெட்டியைத் திறந்தியா?”

“திறந்தேங்க. அம்மா எடுத்துத் தரச் சொன்னாங்க.”

“செத்துப்போனவளச் சாட்சிக்குக் கூப்பிடுறியா?”

அக்கா உள்ளே போனார். தன் துணிகளை ஒரு துவாயில் முடிந்துகொண்டார். போகும்போது என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா வந்ததும் அத்தை விஷயத்தைச் சொன்னார். அப்பா கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டார். “சரி” என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பகல் நேரம் மிக நீளமாக இருந்தது. என் முதல் நன்மை துக்கத்தால் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. பாதியில் நின்ற வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்வாசலில் உட்கார்ந்திருப்பேன். “இதப் பார்த்துப் பார்த்தே பிள்ளை உருகுது” என்று சொல்லி, ஒருநாள் அத்தை அதைக் கண்டியிலுள்ள கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். அங்கே தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்த்தார்கள். அடுத்த வருஷம் எனக்கு அது சின்னதாகிவிடும் என்பதும் சரிதான்.

அண்ணன் மட்டும் அந்த அக்கா எடுத்திருப்பார் என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை போடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, ஞானோபதேச வகுப்புக்குக் கோயிலுக்குப் போகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். கோயில் பக்கம் திரும்பாமல் பாலத்தின்மேல் ஏறினான்.

“எங்க போறோம்?”

“வத்தேகமைக்கு. அக்காகிட்டயே கேட்டுட்டு வருவோம்.”

ரயிலில் போனால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்தப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் முதல் கொடி காட்டுகிறவர் வரை எல்லாரும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். அதனால் பாலத்தைத் தாண்டி, கொஞ்ச தூரம் ரோட்டிலும் பிறகு தண்டவாளத்தை ஒட்டியும் நடந்தோம். ரயில் வரும் சத்தம் கேட்டால் அண்ணன் என்னைப் புதருக்குள் இழுத்து உட்காரவைத்து, தலையைக் கையால் அமுக்குவான். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். அம்மா இறந்தபின் நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

தண்டவாளத்துக் குறுக்குக் கட்டைகளில் கட்டைக்குக் கட்டை தாவி நடக்க என் கால் எட்டவில்லை. சரளைக்கல் குத்தியது. அண்ணன் என் பையைத் தான் வாங்கிக்கொண்டான். அதற்குள் பசிக்கு ஒரு துண்டுப் பாணும் என் செபப் புத்தகமும் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்.

“அக்கா எடுத்தாங்கன்னு அத்தைக்கு யார் சொன்னது? அத்தை அப்ப இங்க இல்லையே.”

நான் நடந்துகொண்டே இருந்தேன். அவன் நின்றான். நானும் நிற்க வேண்டியதாயிற்று.

“நான்தான் சொன்னேன்,” என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். அம்மா கையை நீட்டியதையும், அதைச் சொல்லாமல் விட்டதையும்.

திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மறுபடி முன்னே நடக்கத் தொடங்கினான். அதுவரை எனக்காக மெதுவாக நடந்தவன் இப்போது தன் வேகத்தில் நடந்தான். நான் பின்னால் ஓடினேன். எங்களுக்கு நடுவே இருபது முப்பது கட்டைத் தூரம் இருந்துகொண்டே வந்தது. கூப்பிட்டால் நிற்பானோ என்னவோ, நான் கூப்பிடவில்லை.

வத்தேகமையில் இரண்டு இடத்தில் விசாரித்து, தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அது கொக்கோத் தோட்டம். காய்கள் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கின. உலரவைத்த கொட்டையின் புளித்த வாடை எங்கும் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில், தன் தம்பி குடும்பத்தோடு அந்த அக்கா இருந்தார். எங்களைக் கண்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“இவ்வளவு தூரம் யாரு பிள்ளைகள அனுப்புனது?”

“யாரும் அனுப்பல. நாங்களாத்தான் வந்தோம்,” என்றான் அண்ணன்.

ஆளுக்கொரு ரொட்டியும் தேத்தண்ணியும் தந்தார். தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள், தனக்கு வேலை கொடுக்கவில்லை, தம்பிக்கும் எத்தனை நாளைக்கோ தெரியாது என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என்னைத் தன் முன்னால் திருப்பி உட்காரவைத்து, அவிழ்ந்து கிடந்த என் பின்னலைச் சீப்பெடுத்து வாரத் தொடங்கினார். என் முகம் அவருக்குத் தெரியாதது நல்லதாயிற்று.

“இவதான் அத்தைகிட்டச் சொன்னா,” என்றான் அண்ணன்.

சீப்பு நிற்கவில்லை. “தெரியும் தம்பி. அத்தை பக்கத்துல பாப்பா நின்னுச்சே, அப்பவே தெரிஞ்சிருச்சு. சின்னப் பிள்ளை, கண்டதச் சொல்லுச்சு.”

அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அண்ணன் அந்த நாள் நடந்ததைக் கேட்டான். அக்கா யோசித்து யோசித்துச் சொன்னார். அம்மா அன்று நல்ல நினைவோடு இருந்தாராம். சிலுவையை எடுத்துத் தரச் சொன்னாராம். பிறகு தைத்துக்கொண்டிருந்த சட்டையையும் ஊசி நூலையும் கேட்டாராம். “இந்த உடம்போட எதுக்கும்மா தைக்கிறீங்கன்னு கேட்டேன். நீ போய்ச் சுடுதண்ணி போட்டுக்கிட்டு வான்னாங்க. வந்து பார்த்தா சட்டைய மடிச்சு வச்சிட்டுப் படுத்திருந்தாங்க. சிலுவை எங்கன்னு நான் கேட்கல. அவங்க சாமான், அவங்க வச்சிருப்பாங்க.”

“அத்தைகிட்ட இத ஏன் சொல்லல?”

“சொல்ல விட்டாங்களா தம்பி?”

அண்ணன் எழுந்து நின்றான். அவனுக்குப் பட்டது எனக்கும் அந்தக் கணமே பட்டது. சட்டை மடத்தில் இருந்தது.

தோட்டத்து எல்லை வரை அக்கா கூட வந்தார். வந்த வழியே திரும்பினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கட்டைகள் வழுக்கின. அண்ணன் இந்தத் தரம் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் என் பக்கம் திரும்பாமலே நடந்தான். பாலத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் அப்பா குடையோடு நின்றார். கந்தோர் உடுப்பு முழங்கால் வரை நனைந்திருந்தது. எங்களைத் தேடி ஆற்றங்கரைக்குத்தான் முதலில் போனார் என்று பிறகு தெரிந்தது.

அண்ணன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான், என் பங்கையும் சேர்த்து. அப்பா கீழே ஓடுகிற கலங்கல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“சட்டை மடத்துல இருக்கா?”

“ஓம்... ஆமாப்பா. அத்தை குடுத்துட்டாங்க.”

வகுப்பில் யாழ்ப்பாணப் பையன்களோடு பழகி அண்ணனுக்கு அந்த ‘ஓம்’ ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா இருந்தால் கேலி செய்திருப்பார். அப்பா குடையை எங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை அப்பா அரை நாள் லீவு எடுத்து எங்கள் இருவரையும் மடத்துக்குக் கூட்டிப்போனார். மதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு சிஸ்டரை உள்ளே அனுப்பினார். சட்டையை எடுத்துக்கொண்டு வந்தது என் வயதுப் பெண்பிள்ளை. கறுத்து மெலிந்தவள், தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சட்டைக்கு லேஸ் வைத்து முடித்து, முந்தின மாதம் அவளுக்கு முதல் நன்மை கொடுத்திருந்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். சிஸ்டர் கேட்டதும் கொடுத்தாள்.

இடுப்புப் பட்டிக்கு அம்மா கனத்த துணி வைத்துத் தைத்திருந்தார். சிஸ்டர் விரலால் தடவிக்கொண்டே வந்தார். பின்பக்கம், முடிச்சுப் போடும் இடத்துக்குக் கீழே, விரல் நின்றது. அந்த இடத்துத் தையல் மட்டும் கோணலாக இருந்தது. அம்மாவின் தையல் ஒருநாளும் கோணாது. கத்தரிக்கோல் நுனியால் நாலு தையலைப் பிரித்ததும் சிலுவை மேசையில் விழுந்தது.

தான் இல்லாவிட்டாலும் என் முதல் நன்மை நாளில் அது என்னோடு இருக்கட்டும் என்றுதான் அம்மா உள்ளே வைத்துத் தைத்திருக்க வேண்டும். அப்பா அதை எடுக்கவில்லை. அந்தக் கோணல் தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அடக்கத்தன்றுகூட அவர் அழுததை நாங்கள் பார்க்கவில்லை.

அந்தப் பெண்பிள்ளை சிலுவையைப் பார்க்கவேயில்லை. “சட்டையையும் எடுத்துக்கிட்டுப் போவீங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். “இல்லம்மா. அது உன்னோடது,” என்றார் அப்பா. எனக்கு அந்தச் சட்டை வேண்டும்போல் இருந்தது. சிலுவையைவிட அதுதான் வேண்டியிருந்தது. சிஸ்டர் பட்டியை மறுபடி தைத்துக் கொடுக்க, அவள் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் அத்தை சிலுவையை முத்தமிட்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் அவமேல அநியாயமாப் பழி போடலையே. இந்தப் பிள்ளைதானே பார்த்ததாச் சொல்லுச்சு,” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அண்ணன் பார்க்கவில்லை, எழுந்து வெளியே போனான்.

அந்த அக்காவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அண்ணன் அப்பாவிடம் கேட்டான். ஞாயிறு வரட்டும் என்றார் அப்பா. ஞாயிறு மழையில் பாதை சரிந்து ரயில் ஓடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் ரயிலில் போனோம். கடைசிக் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. புதன்கிழமை அக்காவையும் தம்பி குடும்பத்தையும் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், இன்னும் பல பேரோடு தலைமன்னார் ரயிலில் ஏறிப் போனார்கள் என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். ஊர் எது என்று அப்பா கேட்டார். திருச்சிராப்பள்ளிப் பக்கம் என்றுதான் அவருக்குத் தெரியும். அப்பா கங்காணியிடம் விசாரித்து ஒரு கிராமத்தின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார். அன்றிரவே கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று எழுதினார். எதற்கும் பதில் வரவில்லை. கடிதம் கிடைத்ததா, கிடைத்தாலும் வாசித்துக் காட்ட ஆள் இருந்ததா, தெரியாது.

அடுத்த வருஷம் அண்ணனைப் படிப்பதற்குக் கொழும்பில் போர்டிங்கில் சேர்த்தார்கள். கோபித்துக்கொண்டு போனான் என்று சொல்ல முடியாது. தை மாதத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியது, போனான். விடுமுறைக்கு வருவான், என்னோடு நல்லபடியாகவே நடந்துகொள்வான், பென்சில் வாங்கிவருவான். ஆனால் என்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டான். நான் சொல்வதை நம்பலாமா என்று ஒருவன் யோசிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது.

முதல் நன்மைக்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பாவத்தைக் கேட்கப் பங்குச் சுவாமி காதைச் சாய்த்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“பொய் சொன்னாயா?” என்று கேட்டார்.

“இல்ல சுவாமி. உண்மையத்தான் சொன்னேன்.”

வேறு பாவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஞானோபதேச வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வத்தேகமைக்குப் போனதைச் சொன்னேன். அதற்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மற்றதற்கு எதைச் சொல்வது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கத் தெரியாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் கடையில் எடுத்த சட்டையில், கழுத்தில் சங்கிலியோடு அந்தச் சிலுவையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். போர்டிங்கில் லீவு கிடைக்காததால் அண்ணன் வரவில்லை. ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தான், அதில் தன் பெயரை மட்டும் எழுதியிருந்தான். பூசை முடிந்து மற்றப் பிள்ளைகளை அவர்களுடைய அம்மாமார் கொஞ்சிக்கொண்டு நின்றார்கள். அப்பா என் தலைமேல் கையை வைத்தார், எடுத்தார். “போவமா?” என்றார். போனோம். அத்தை பாற்சோறு ஆக்கியிருந்தார். மூன்று பேருக்கு அது நிறையவே இருந்தது.